வீட்டுச் சாவி வீட்டுக்குள்ளே: டிஸ்க் இல்லாத சர்வர் எப்படி எழுந்திருக்கிறது?

போன மாதம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், மெமரி கூட்டுவதற்காக ஒரு சர்வரை ரேக்கிலிருந்து இழுத்து மூடியைத் திறந்தான். உள்ளே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணா, யாரோ ஹார்ட் டிஸ்கை எல்லாம் கழட்டிட்டுப் போயிட்டாங்க."

"யாரும் கழட்டலப்பா. அதுல எப்பவுமே டிஸ்க் கிடையாது."

"அப்போ எப்படிண்ணா பூட் ஆகுது?"

நல்ல கேள்வி. மதியம் சாப்பாட்டு நேரத்தில் பதில் சொல்ல ஆரம்பித்து, சாயந்திரம் டீ வரைக்கும் இழுத்துவிட்டேன். அவனிடம் சொன்னதையும், அவனிடம் பாதியில் விட்ட ஒரு சொந்தக் கதையையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். கம்ப்யூட்டர் துறையில் இல்லாதவர்களும் படிக்கலாம். புரியவில்லை என்றால் தப்பு என்னுடையது.

கிளாம்பாக்கம் பிரச்சினை

நான் இருப்பது வண்டலூர். 2023 டிசம்பர் 30 அன்று எங்கள் ஊர்ப் பக்கத்தில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள். தென் மாவட்டங்களுக்குப் போகிற பஸ்களை கோயம்பேட்டிலிருந்து இங்கே மாற்றினார்கள். எங்களுக்கு வசதிதான். ஆனால் பெரம்பூரில் இருப்பவருக்கு? ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க, முதலில் இன்னொரு பஸ்ஸோ ரயிலோ பிடித்து இங்கே வரவேண்டும். திறந்தபோது முனையத்துக்குப் பக்கத்தில் ரயில் நிலையமும் கிடையாது. பஸ் பிடிக்க ஒரு பஸ்!

டிஸ்க் இல்லாத சர்வரின் பிரச்சினையும் இதேதான். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் அதற்கு எதுவுமே தெரியாது. மதர்போர்டில் ஒரு சின்ன சில்லு இருக்கும். அதிலுள்ள நிரலைத்தான் பயாஸ் என்கிறோம். (இப்போது அதன் இடத்தில் யூஈஎஃப்ஐ வந்துவிட்டது.) பழைய முறையில் அது செய்வது ஒரே வேலை: டிஸ்கின் முதல் 512 பைட்டைப் படித்து மெமரியில் வைத்து, "இனி நீ பார்த்துக்கோ" என்று ஒதுங்கிவிடும். அந்த 512 பைட் அடுத்த துண்டைக் கொண்டு வரும், அது லினக்ஸ் கெர்னலைக் கொண்டு வரும், கெர்னல் மற்ற எல்லாவற்றையும் எழுப்பும்.

அந்த டிஸ்க் அதே பெட்டிக்குள் இல்லாமல் மூன்றாவது மாடியில் இருந்தால்? அங்கே போக நெட்வொர்க் வேண்டும். நெட்வொர்க்கில் பேச டிரைவர் வேண்டும், தனக்கென்று ஒரு ஐபி முகவரி வேண்டும். வழக்கமாக டிரைவரும் முகவரியும் எங்கே இருக்கும்? டிஸ்கில்!

காலேஜ் லேபில் பார்த்தது

இது புதுப் பிரச்சினை இல்லை. தொண்ணூறுகளில் இந்த ஊரில் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு "டிஸ்க்லெஸ் நோடு" என்ற வார்த்தை ஞாபகம் இருக்கும். எங்கள் லேபில் முப்பது சொச்சம் கம்ப்யூட்டர்கள். ஹார்ட் டிஸ்க் கிடையாது, ஃப்ளாப்பி டிரைவும் கிடையாது. மூலையில் ஏசி அறைக்குள் ஒரு நோவெல் நெட்வேர் சர்வர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

ஹார்ட் டிஸ்க் விலை அப்போது அதிகம் என்பது ஒரு காரணம். ஃப்ளாப்பியில் வைரஸ் வந்துவிடும் என்பது இன்னொரு காரணம். 1990 வாக்கில் இந்தியாவில் பரவிய ஜோஷி வைரஸைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டிஸ்கின் பூட் செக்டாரில் உட்கார்ந்துகொண்டு, ஜனவரி 5 அன்று திரையை நிறுத்தி, ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்து டைப் செய்தால்தான் விடும். பூட் செக்டாரே இல்லாத கம்ப்யூட்டரில் அது எங்கே போய் உட்காரும்?

அந்த நோடுகளின் நெட்வொர்க் கார்டில் ஒரு சாக்கெட் இருக்கும். அதில் பூட் ராம் என்கிற சில்லைச் செருகியிருப்பார்கள். (ஆர்ஓஎம், மெமரி ராம் வேறு.) ஆன் செய்தவுடன் அந்தச் சில்லு நெட்வொர்க்கில் குரல் கொடுக்கும். சர்வர் தன்னிடம் இருக்கிற ஒரு டாஸ் ஃப்ளாப்பியின் நகலைக் கோப்பாக அனுப்பும். அந்த நகலை உருவாக்க டாஸ்ஜென் என்று ஒரு சின்ன நிரல் நெட்வேரோடு வரும். நோடு, ஏதோ உண்மையான ஃப்ளாப்பியிலிருந்து எழுந்த மாதிரி எழுந்துகொள்ளும்.

கேபிள் எல்லாம் கோஆக்சியல், டிவி ஆன்டெனா வயர் மாதிரி. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குப் பின்னாலும் டி வடிவத்தில் ஒரு கனெக்டர், வரிசையின் இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர். யாராவது காலால் இடித்து முனை கழன்றால் அந்த வரிசை மொத்தமும் படுத்துவிடும். பிராக்டிகல் பரீட்சை நாளில் அது நடந்தபோது, லேப் அசிஸ்டென்ட் தரையில் படுத்து ஒவ்வொரு முனையாகத் திருகிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எல்லாரும் ஒரே இடத்தை நம்பியிருந்தால் அந்த இடம் போகும்போது எல்லாரும் போவார்கள். அன்றைக்கு அது எனக்குப் பாடமாகத் தெரியவில்லை, பரீட்சை தள்ளிப்போன சந்தோஷமாகத்தான் தெரிந்தது.

கூவிக் கேட்பது

உலகம் முழுக்க இதே பிரச்சினைக்குத் தீர்வு தேடிக்கொண்டிருந்தார்கள். 1985 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டின் பில் கிராஃப்ட், சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜான் கில்மோர் இருவரும் பூட்பி என்ற நெறிமுறையை எழுதினார்கள் (ஆர்எஃப்சி 951). டிஸ்க் இல்லாத ஒர்க்ஸ்டேஷன்களை சன் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. பூட்பியின் வாரிசுதான் டிஹெச்சிபி. உங்கள் மொபைல் வீட்டு வைஃபையில் சேரும்போது ஐபி முகவரி வாங்குகிறதே, அதேதான்.

யோசனை எளிமையானது. பெயர் தெரியாத ஊரில் இறங்கியவர் தெருவில் நின்று "யாராவது இருக்கீங்களா? நான் யாரு, எங்க போகணும்?" என்று சத்தமாகக் கேட்கிற மாதிரி, கார்டு எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு செய்தி அனுப்பும். அதற்கென்று சொந்தமாகத் தெரிந்தது ஒன்றுதான்: தயாரிப்பிலேயே பொறித்த 48 பிட் மேக் முகவரி. டிஹெச்சிபி சர்வர் அதைப் பார்த்து, "உன் ஐபி இது. நீ வாங்கவேண்டிய கோப்பு இந்த இடத்தில் இருக்கு" என்று பதில் சொல்லும். கோப்பைக் கொண்டுவருவது டிஎஃப்டிபி. எழுதப் படிக்க மட்டும் தெரிந்த குமாஸ்தா அது. 512 பைட் கொடுக்கும், "வந்துச்சு" என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த 512. மெதுவு, ஆனால் அதன் நிரல் ஒரு சின்ன சில்லுக்குள் அடங்கிவிடும்.

1999 செப்டம்பரில் இன்டெல் இதையெல்லாம் சேர்த்து பிக்ஸி 2.1 என்ற வரையறையை வெளியிட்டது. அதன் பிறகு ஏறக்குறைய எல்லா சர்வர் கார்டிலும் இது உள்ளேயே வர ஆரம்பித்தது. தனியாகச் சில்லு செருகும் வேலை முடிந்தது.

கோப்பு வேறு, கட்டம் வேறு

இங்கே ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். என்எஃப்எஸ் மாதிரி கோப்புப் பகிர்வு என்பது நூலகம். "இந்தப் புத்தகம் கொடுங்க" என்றால் நூலகர் தேடி எடுத்துக் கொடுப்பார். அலமாரி எந்த வரிசையில் இருக்கிறது என்பது அவர் கவலை.

சான் எனப்படும் சேமிப்பக நெட்வொர்க் அப்படி இல்லை. அது காலி மனை. "உனக்கு 100 ஜிபி அளந்து வேலி போட்டிருக்கேன், உள்ளே என்ன வேணும்னா கட்டிக்கோ" என்று விட்டுவிடும். அந்த மனைக்கு லன் என்று பெயர். சர்வர் "எனக்கு 4,812-ஆவது கட்டத்தைக் கொடு" என்று கேட்கும். அதில் விண்டோஸ் இருக்கிறதா லினக்ஸ் இருக்கிறதா என்று சேமிப்பகப் பெட்டிக்குத் தெரியாது. சர்வருக்கும் அது தூரத்து டிஸ்க் என்று தெரியவேண்டிய அவசியம் இல்லை. சொந்த டிஸ்க் மாதிரியே நடந்துகொள்ளும். அதனால்தான் முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் அதில் வைத்து அங்கிருந்தே பூட் செய்ய முடிகிறது.

சானுக்குப் போக இரண்டு சாலைகள். ஒன்று ஃபைபர் சேனல்: தனி கார்டு, தனி ஸ்விட்ச், தனி ஒளியிழை. இதில் ஒவ்வொரு கார்டுக்கும் 64 பிட் உலகப் பெயர் உண்டு. எந்தப் பெயர் எந்தப் பெயரோடு பேசலாம் என்று ஸ்விட்சில் எழுதுவது ஸோனிங். எந்தப் பெயருக்கு எந்த லன் தெரியலாம் என்று சேமிப்பகத்தில் எழுதுவது மாஸ்கிங். இரண்டும் சரியாக இல்லாவிட்டால் ஒரு சர்வர் இன்னொன்றின் டிஸ்கைத் தன்னுடையது என்று நினைத்து எழுதிவிடும். பக்கத்து மனையில் வீடு கட்டிய கதைதான்.

இன்னொன்று ஐஸ்கஸி: அதே டிஸ்க் கட்டளைகளைச் சாதாரண ஈத்தர்நெட்டில், டிசிபி 3260 போர்ட் வழியாக அனுப்புவது. 2004 ஏப்ரலில் ஆர்எஃப்சி 3720 ஆக வந்தது. அதிலிருந்து எப்படி பூட் செய்வது என்பதற்குத் தனியாக 2005 செப்டம்பரில் ஆர்எஃப்சி 4173 வந்தது. அதன்படி டிஹெச்சிபி பதிலில் ஒரு வரி சேர்த்து அனுப்பலாம்: சேமிப்பகம் எங்கே, எந்த போர்ட், எந்த லன், அதன் பெயர் என்ன. "எங்கே" என்ற இடத்தில் ஐபி எண்ணும் போடலாம், பெயரும் போடலாம். இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை அங்கேதான் மாட்டுகிறது.

கை மாறும் இடம்

இதில் அடிக்கடி உதைக்கிற ஒரு இடம் உண்டு. பூட் ஆரம்பத்தில் டிஸ்கைப் படிப்பது கார்டின் நிரல். கெர்னல் மெமரிக்கு வந்தவுடன் அது கார்டைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளும், பழைய இணைப்பு அறுந்துவிடும். கெர்னல் இப்போது தானே புதிதாக நெட்வொர்க்கை எழுப்பி, அதே லன்னைத் தேடிப்பிடிக்க வேண்டும். விவரங்களை ஐபிஎஃப்டி என்ற அட்டவணையாக மெமரியில் எழுதி வைத்துவிட்டுத்தான் முதல் ஆள் போவான். ஷிஃப்ட் மாறும்போது ரிஜிஸ்டரில் எழுதி வைப்பது மாதிரி.

ஆனால் அதைப் படிக்கத் தேவையான டிரைவர், கெர்னலோடு கூடவே வரும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்ன மூட்டைக்குள் இருக்கவேண்டும். இல்லையென்றால் டிரைவர் டிஸ்கில், டிஸ்க் டிரைவருக்கு அந்தப் பக்கம். லினக்ஸ் "ரூட் டிஸ்க் கிடைக்கல" என்று நின்றுவிடும். விண்டோஸ் என்றால் நீலத் திரையும் 7பி பிழையும். முதல் தடவை சான் பூட் செய்கிற எல்லாரும் இந்தத் திரையை ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது டிஸ்க்குக்கான பாதை போனால் இன்னும் விசித்திரம். பிங் செய்தால் பதில் வரும், ஏனென்றால் அதற்குப் பதில் சொல்லும் கெர்னல் மெமரியில் இருக்கிறது. லாகின் செய்தால் தொங்கும், ஏனென்றால் அந்த நிரலை டிஸ்கிலிருந்து படிக்கவேண்டும். கூப்பிட்டால் "ம்" என்கிறார், எழுந்து உட்காரமாட்டேன் என்கிறார். இதனால்தான் இரண்டு கார்டு, இரண்டு ஸ்விட்ச் என்று எல்லாப் பாதையையும் இரட்டையாகப் போடுகிறோம்.

இவ்வளவு கஷ்டம் எதுக்கு?

2015 டிசம்பர் 1, 2. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போக முடியாமல் டிசம்பர் 2 அன்று தி இந்து நாளிதழே சென்னையில் அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை என்றார்கள்.

அப்போது நான் வேலை பார்த்த சின்ன கம்பெனியின் சர்வர் அறை தரைத்தளத்தில். பன்னிரண்டு சர்வர், ஒவ்வொன்றிலும் சொந்த டிஸ்க். தண்ணீர் இடுப்பளவு. டேட்டாவுக்கு பேக்கப் இருந்தது. ஆனால் பன்னிரண்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தையும், பல வருஷமாக அதில் செய்திருந்த சின்னச் சின்னத் திருத்தங்களையும், முதலிலிருந்து உட்கார்ந்து கட்ட எங்களுக்குப் பதினெட்டு நாள் ஆனது.

அதனால் 2016-இல் எல்லாவற்றையும் மாற்றினோம். மாற்றியது நான்தான். சேமிப்பகம் மூன்றாவது மாடியில். சர்வர்கள் டிஸ்க் இல்லாமல், ஐஸ்கஸி பூட். இதன் அழகு என்னவென்றால், சர்வர் வெறும் உடம்பாகிவிடுகிறது. ஒன்று செத்தால் இன்னொன்றைச் செருகி, டிஹெச்சிபி பட்டியலில் மேக் முகவரியை மாற்றி எழுதினால் பத்து நிமிஷத்தில் அதே ஆள் எழுந்து வந்துவிடுவார். அப்டேட் செய்வதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட், தப்பானால் பழையபடி.

லன்னை வேறு ஊருக்கு நகல் எடுக்கவும் முடியும். ஆனால் தூரத்துக்கு ஒரு விலை உண்டு. ஒளியிழையில் வெளிச்சம் ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோ விநாடி. பெங்களூர் 350 கிலோமீட்டர் என்று வைத்தால் போய்வர மூன்றரை மில்லி விநாடி. ஒவ்வொரு எழுத்துக்கும் இவ்வளவு காத்திருந்தால் டேட்டாபேஸ் நொண்டும். அதனால் தொலைதூர நகல் கொஞ்சம் பின்தங்கியேதான் ஓடும்.

கடைசியாக ஒரு காரியம் செய்தேன். டிஹெச்சிபியும் டிஎன்எஸ்ஸும் ஒரு பழைய தனிப் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தன. "இது எதுக்கு தனியா கரண்டு தின்னுட்டு?" என்று அவற்றை விர்ச்சுவல் மெஷினாக மாற்றி, புது சர்வர்கள் மேலேயே ஏற்றினேன். பெட்டியை எடைக்குப் போட்டோம். மேனேஜர் பாராட்டினார்.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

வர்தா

2016 டிசம்பர் 12, திங்கள்கிழமை. வர்தா புயல் சென்னையில் கரை கடந்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவில் மின்கம்பம் முறிந்து கிடந்தது. ஆபீஸில் ஜெனரேட்டர் டீசல் தீரப்போகிறது என்றதும் எல்லா சர்வரையும் முறைப்படி அணைத்தோம். ஒன்றும் கெடவில்லை. வெள்ளத்தைவிட இது எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை ராத்திரி கரண்ட் வந்தது. ஆன் செய்தோம். பன்னிரண்டு திரையிலும் ஒரே வரி: டிஹெச்சிபி பதில் எதுவும் வரவில்லை என்கிற பிக்ஸி இ51.

சர்வர்கள் "நான் யாரு?" என்று கேட்கின்றன. பதில் சொல்லவேண்டிய டிஹெச்சிபி அந்த சர்வர்களுக்குள்ளேயே தூங்குகிறது. ஸ்டோரேஜ் பெட்டி பச்சை விளக்கோடு தயாராக இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டோம், சாவி வீட்டுக்குள்.

சரி, கையால் ஐபி கொடுக்கலாம் என்று முதல் சர்வரில் உட்கார்ந்தேன். இப்போது சேமிப்பகத்தின் இடத்தில் நான் எழுதியிருந்தது எண் இல்லை, பெயர். பெயரை எண்ணாக மாற்றுவது டிஎன்எஸ். டிஎன்எஸ்ஸும் உள்ளே. எண் என்ன என்று பார்க்க ஸ்டோரேஜுக்குள் நுழையவேண்டும். அதன் பாஸ்வேர்ட் எங்கே? ஒழுங்காக, பாதுகாப்பாக, ஃபைல் சர்வரில் ஒரு எக்ஸெல் கோப்பில்.

மூன்று பூட்டு, மூன்றுக்கும் சாவி உள்ளே. மூன்றையும் வைத்தது நான்.

இதில் பதற்றத்துக்கு வேறு காரணமும் இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது சின்னத் தொழிற்சாலைகளின் கூலிக் கணக்கு. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை வாரக்கூலி. நவம்பர் 8-இல் பணமதிப்பு நீக்கம் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முன்பெல்லாம் கணினி படுத்தால் முதலாளிகள் கையில் ரொக்கம் கொடுத்துச் சமாளித்துவிடுவார்கள். அந்த டிசம்பரில் யாரிடமும் ரொக்கம் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் வங்கிக்குக் கோப்பு போனால்தான் சனிக்கிழமை அவர்கள் கணக்கில் பணம் ஏறும். புயலில் கூரை பறந்த வீட்டுக்காரர்கள் அதில் எத்தனை பேர் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

காப்பாற்றியது என் சொந்த லேப்டாப். சானை வடிவமைக்கும்போது வீட்டில் சோதனை செய்த ஃபோல்டர் அழிக்காமல் கிடந்தது. டிஎன்எஸ்மாஸ்க் என்று ஒரு சின்ன நிரல். டிஹெச்சிபி, டிஎன்எஸ், டிஎஃப்டிபி மூன்றையும் ஒரே ஆளாகச் செய்யும். சர்வர்களின் மேக் முகவரிகளை அவற்றின் முன்பக்கத் தகட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் டார்ச் அடித்துப் படித்து, ஒவ்வொன்றாகத் தட்டினேன். சேமிப்பகத்தின் ஐபி எண், அதை முதலில் பொருத்தின நாளில் நான் நோட்டில் பென்சிலால் கிறுக்கியிருந்ததில் கிடைத்தது. பாஸ்வேர்டே தேவைப்படவில்லை.

லேப்டாப்பை ஸ்விட்சில் செருகி ஒரு சர்வரை மட்டும் ஆன் செய்தேன். அது எழுந்தது. உள்ளிருந்த டிஹெச்சிபி எழுந்ததும் லேப்டாப்பைக் கழற்றினேன். உற்சாகத்தில் மீதிப் பதினொன்றையும் ஒரே நேரத்தில் ஆன் செய்ய, எல்லாம் ஒரே சேமிப்பகத்தில் முட்டிமோதி ஊர்ந்தன. இதற்கு பூட் ஸ்டார்ம் என்று பெயர் உண்டு என்பது அப்புறம் தெரிந்தது. அணைத்துவிட்டு இரண்டு இரண்டாக எழுப்பினோம். வியாழன் காலை ஐந்தே முக்காலுக்கு வாட்ச்மேன், "சார், டீ வாங்கியாரவா?" என்று கேட்டபோதுதான் விடிந்ததே தெரிந்தது. வெள்ளி மதியம் கோப்பு வங்கிக்குப் போனது.

பெரியவர்களுக்கும் இதேதான்

இது சின்னக் கம்பெனியின் தப்பு மட்டும் இல்லை என்பது எனக்குப் பின்னால் ஒரு ஆறுதல். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்கப் படுத்தன. பராமரிப்பின்போது போன ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்தது. டிஎன்எஸ் வெளி உலகத்துக்குத் தெரியாமல் போனது. சரிசெய்யும் உள்கருவிகளுக்கும் அதே டிஎன்எஸ்தான் தேவை, அதனால் அவையும் வேலை செய்யவில்லை. ஆட்களை நேரில் அனுப்பவேண்டியதாயிற்று.

மின்துறைக்காரர்கள் இதைப் பல காலமாக யோசித்து வைத்திருக்கிறார்கள். அனல்மின் நிலையம் மின்சாரம் தயாரிக்கிறது. ஆனால் அதை ஆரம்பிக்கவே பம்புக்கும் விசிறிக்கும் மின்சாரம் வேண்டும். 2012 ஜூலை 30, 31-இல் வட இந்திய மின்கட்டமைப்பு சரிந்தது மாதிரி எல்லாம் ஒரேயடியாக அணைந்தால், முதல் கரண்ட் எங்கிருந்து வரும்? அணையைத் திறந்தால் சுற்றும் நீர்மின் நிலையத்துக்கு வெளியிலிருந்து பெரிதாக எதுவும் வேண்டாம். முதலில் அது எழும், அது அனல் நிலையத்தை எழுப்பும். எது எதை எழுப்பவேண்டும் என்ற வரிசையை அவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களிடம் அந்தக் காகிதம்தான் இல்லை.

சானிலிருந்து பூட் செய்வது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. இன்று கிளவுடில் ஓடும் பெரும்பாலான மெஷின்கள் இப்படித்தான். அமேசான் 2009 டிசம்பரிலிருந்தே தன் நெட்வொர்க் டிஸ்கான ஈபிஎஸ்ஸிலிருந்து பூட் செய்ய விடுகிறது. நீங்கள் காலையில் டிக்கெட் எடுத்த ஆப், டிஸ்க் எங்கேயோ இருக்கும் ஒரு மெஷினில் ஓடியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. டிஸ்கைப் பிரித்து வைப்பதால் உடம்பு செத்தாலும் ஆள் பிழைக்கிறார். ஆனால் எழுந்திருக்கத் தேவையான நாலைந்து விஷயம் தங்கள் காலில் தாங்களே நிற்கவேண்டும். அவை எவை என்று எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது தெரியாது. எல்லாவற்றையும் அணைத்தால்தான் தெரியும்.

ரேக் கதவில் ஒரு காகிதம்

அதன் பிறகு நான் வேலை பார்க்கிற இடமெல்லாம் கடைப்பிடிக்கிறது இவ்வளவுதான். டிஹெச்சிபி, டிஎன்எஸ் இரண்டும் சொந்த டிஸ்க் உள்ள ரெண்டு சின்னப் பெட்டியில், வேறு வேறு மாடியில். பூட் வரியில் சேமிப்பகத்துக்குப் பெயர் கிடையாது, எண்தான். பாஸ்வேர்ட் ஒரு சீல் வைத்த கவரில், பீரோவில். எழுப்பும் வரிசை அச்சடித்து ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும்: முதலில் ஸ்விட்ச், பிறகு ஸ்டோரேஜ் (முழுசாக எழ பதினைந்து நிமிஷம் பொறு), பிறகு சின்னப் பெட்டிகள், பிறகு சர்வர்கள் இரண்டு இரண்டாக.

வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் அணைத்துவிடுவோம். எப்படியும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கவேண்டும். பூஜை முடிந்து அடுத்த நாள், அந்தக் காகிதத்தை மட்டும் பார்த்து, அமைப்பைக் கட்டாத யாராவது ஒருவர் எழுப்பவேண்டும். நான் வாயே திறக்கக் கூடாது. முதல் வருஷம் இன்னும் இரண்டு வட்டம் மாட்டியது. சர்வர் அறைக் கதவின் கார்டு பூட்டு, உள்ளே இருக்கிற ஒரு சர்வரைக் கேட்டுத்தான் திறக்கும் என்பது அதில் ஒன்று.

டீ குடித்து முடித்ததும் அந்தப் பையன் ரேக் கதவைத் திறந்து காகிதத்தைப் படித்துக்கொண்டு நின்றான். "அண்ணா, இதுல ஏசி எப்போ போடணும்னு இல்லையே?" என்றான்.

இல்லைதான். பேனாவை அவன் கையில் கொடுத்துவிட்டேன். இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எழுப்பப்போவது அவன்தான்.